முதலில் கண்ணால் படி

என் கைப்பேசியில் இப்போது 11 வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. ஓய்வூதியர் சங்கத்துக்கு மட்டும் இரண்டு. சங்கத்தில் ஒரு சின்ன மனஸ்தாபம் வந்து இரண்டாகப் பிரிந்தோம். இரண்டு பக்கத்தாரையும் விடமுடியாமல் இரண்டிலும் இருக்கிறேன். சொந்தக்காரர்கள் குழு, பழைய தாலுகா ஆபீஸ் நண்பர்கள் குழு, நடைப்பயிற்சிக் குழு, கருணாபுரத்தில் எங்கள் தெருக் குழு என்று பட்டியல் நீளும். காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ரோஜாப்பூக்களையும் சாமி படங்களையும் தாண்டி வரவே அரைமணி நேரம் ஆகிறது.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருடமாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டு வந்தேன். அதைச் சொல்ல 1961-க்குப் போகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பரிலேயே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இடைப்பட்ட வருடங்களில் எங்களைப் போன்ற பிள்ளைகள் வீட்டில் தமிழும் வகுப்பில் பிரெஞ்சுமாக வளர்ந்தோம். எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் நிறைய. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். சிலர் இந்தோசீனாவில் இருந்து திரும்பியவர்கள். சிலர் அப்போது அல்ஜீரியாவில் இருந்தார்கள், அங்கே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. கடிதம் வந்தாலும், பென்ஷன் காகிதம் வந்தாலும், எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். எனக்குப் பத்து வயது. படித்துச் சொல்வதற்கு ஒரு அதிரசமோ, காலணாப் பெறாத கமர்கட்டோ கிடைக்கும். அதைவிட, பெரியவர்கள் எல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு பெருமை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. முதலில் பிரெஞ்சில் சத்தமாகப் படிப்பேன், என் உச்சரிப்பை எல்லோரும் கேட்கவேண்டும் என்று. பிறகுதான் தமிழில் சொல்வேன்.

ஒரு நாள் பின் தெருவில் இருந்து ஒரு பாட்டி வந்தாள். மகன் அல்ஜீரியாவில். கடிதம் மகன் எழுதியதல்ல, அவனோடு இருந்த வேறு ஒருவர் எழுதியது. உறையின் மேல் கையெழுத்து மாறியிருந்ததைப் பாட்டி கவனித்துத்தான் வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. பிரித்து மடமடவென்று படித்தேன். இரண்டாவது வரியில் அந்த வார்த்தை வந்தது. பிரெஞ்சில் இறந்தவன் என்பதற்கு மோர் என்று சொல்.

பாட்டி, "மோரா? என்னா மோர்ப்பா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ பாட்டி, குடிக்கிற மோர் இல்ல. மோர்னா செத்துப்போறது" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அந்தப் பாட்டியின் முகத்தை இன்றைக்கும் வரைந்து காட்டமுடியும். உள்ளேயிருந்து என் ஆயா ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்கு முதுகில் இரண்டு விழுந்தது. ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் சொன்னது இதுதான்: "காயிதம்னு வந்தா முதல்ல கண்ணால படி. அப்புறம் அவங்க மூஞ்சியப் பாரு. அதுக்கப்புறம் வாயால படி."

வகுப்பிலும் இதையே வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள் என்பது பிற்பாடுதான் உறைத்தது. பிரெஞ்சுப் பள்ளியில் தித்தே என்று ஒன்று உண்டு, நாம் டிக்டேஷன் என்பது. வாத்தியார் முதல் தடவை முழுப் பத்தியையும் படிப்பார். அப்போது யாரும் பேனாவைத் தொடக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் தடவைதான் எழுத்து. முதல் தடவையே கிறுக்க ஆரம்பிக்கிறவனின் விரல்மேல் ரூல்தடி விழும்.

1964-ல் அப்பா காலமானார். அம்மா என்னையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் மாமா வீட்டுக்கு வந்தாள். தமிழ் மீடியத்தில் சேர்த்தார்கள். திணறித் திணறி எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பரீட்சை எழுதி, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. எதற்கும் கடலூர் போகவேண்டும். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் வந்தது. நான் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் கழித்து, 2019 நவம்பரில், கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகரம் ஆனது. கலெக்டரைப் பார்க்க கடலூருக்கு பஸ் ஏறியவன், இப்போது அந்த ஆபீசுக்கு ஆட்டோவில் போய் வருகிறேன்.

ஆபீசில் என் முதல் இருக்கை தபால் பிரிவு. இளைஞர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஒரு கடிதம் வந்தால் உறையைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, ந.க. எண் கொடுத்து, தாசில்தார் பார்த்து மூலையில் சுருக்கொப்பம் இட்டு, பிறகு அந்தந்தப் பிரிவு எழுத்தர் வாங்கிக்கொண்டதற்குத் தன் பதிவேட்டில் பதிந்து கொள்ளவேண்டும். டாட்டன்ஹாம் முறை என்று இதற்குப் பெயர். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. எவ்வளவு தாமதம், எவ்வளவு பேப்பர் என்று நாங்களே திட்டியிருக்கிறோம். திட்டத் தகுந்ததுதான். பட்டாவுக்கு மனு கொடுத்துவிட்டு எத்தனை பேர் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தால் அது யாரிடமிருந்து வந்தது, யார் யார் கை பட்டது, யார் சும்மா வைத்திருந்தார் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு கைக்கும் ஒரு சுருக்கொப்பம் உண்டு.

அவசரச் செய்திக்கு தந்தி. மழைக்காலத்தில் காலை 8.30-க்கு மழைமானியைப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று மேலே தெரிவிக்க வேண்டும். போனில் கிடைத்தால் போன். டிரங்க் கால் புக் செய்துவிட்டு மத்தியானம் வரை காத்திருந்த நாட்களும் உண்டு. "ஹலோ, ஹலோ, பன்னிரண்டு பாயிண்ட் நாலு!" என்று நான் கத்துவது எதிரே டீக்கடைக்குக் கேட்கும். கடலூருக்குக் கேட்காது. கோமுகி அணை நிரம்பித் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்றால் கரையோர கிராமங்களுக்குத் தண்டோரா. தண்டோரா போட்டவரும் சேதி சொல்கிறவர்தான். ஆனால் அவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதற்காகவே அந்த வேலை அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. 2022-ல் தண்டோராவைத் தடை செய்து தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டபோது, "இத்தனை நாள் ஆச்சே" என்றுதான் தோன்றியது. பழையது எல்லாம் பொன் என்று சொல்கிற ஆள் நானில்லை.

தந்திக்காரரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவு. கல்யாண வாழ்த்துத் தந்திகளும் இருந்தன, அவற்றுக்கு எண் உண்டு. எண்ணைக் குறித்துக் கொடுத்தால் அச்சடித்த வாசகம் போல அதே வாழ்த்து போய்ச் சேரும். ஆனால் கல்யாண வீட்டுக்கு வரும் தந்தியை மண்டபத்திலேயே கொடுத்துவிடுவார்கள். வீட்டு வாசலில் காக்கிச் சட்டையும் சைக்கிளும் வந்து நின்றால் பிரிப்பதற்கு முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

மாமா வீட்டுத் தெருவுக்கு வந்துகொண்டிருந்த தந்திச் சேவகர் ஒல்லியான மனிதர், வெற்றிலை போட்ட வாய். அவர் ஒருநாளும் வாசலில் நின்று "தந்தி" என்று கூவியதில்லை. பக்கத்து வீட்டில் சைக்கிளை நிறுத்துவார். அந்த வீட்டு ஆண்பிள்ளையைக் கூப்பிட்டு, "உள்ள பெரியவங்க யாரு இருக்காங்க? ஒடம்பு முடியாதவங்க யாராச்சும் உண்டா?" என்று விசாரிப்பார். பிறகு உரிய வீட்டுக்குப் போய் முதலில் தண்ணீர் கேட்பார். அவர் குடிப்பதற்கு அல்ல. சொம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக. கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகும் உடனே கிளம்பமாட்டார். கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நிற்பார். மாமா ஒரு முறை ஏன் என்று கேட்டார். "நான்தானே கொண்டாந்தேன்" என்றார் அவர். இலாகா விதியில் இது எதுவும் கிடையாது. சம்பளமும் கூடுதல் இல்லை.

2013 ஜூலை 15-ஆம் தேதி முதல் தந்தி சேவை நின்றது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஓடிய சேவை. கடைசி நாளில் நகரங்களில் ஜனங்கள் வரிசையில் நின்று ஞாபகத்துக்காகத் தந்தி அடித்தார்களாம். நான் அடிக்கவில்லை. அதற்குள் என் கையில் பட்டன் போன் வந்து பல வருடம் ஆகியிருந்தது.

நடுவில் எஸ்.டி.டி. பூத் காலம் ஒன்று வந்துபோனது. மஞ்சள் போர்டு, கண்ணாடி அறை, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். ராத்திரி ரேட் குறைவு என்று பஸ் நிலையம் பக்கம் பூத்துகளின் வாசலில் கூட்டம் நிற்கும். கண்ணாடிக்குள் ஒரு பெண் அழுதால் வெளியில் இருப்பவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள், வரிசையில் அடுத்தவன் அவசரப்படுத்தமாட்டான். பிறகு செல்போன். 1995-ல் நாட்டில் முதன்முதலாக வந்தபோது வரும் அழைப்புக்கும் காசு. 2003 வாக்கில்தான் அது இலவசமானது. 2016-க்குப் பிறகு இன்டர்நெட் தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற வீட்டிலே தினத்தாளை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு இரண்டாவது உத்தியோகம் ஆகிவிட்டது. வந்ததை அனுப்புவது. உண்மையில் பழைய தபால் பிரிவு வேலைதான், பதிவேடு மட்டும் இல்லை.

இதன் விளைவை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2018 மே 9-ஆம் தேதி, போளூர் பக்கம். சென்னையில் இருந்து குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த 65 வயது அம்மாள், வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்ற வதந்தி அதற்குள் எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வருடம் வடக்கே மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை இதே வதந்திக்காகக் கொன்றார்கள். அதற்கப்புறம்தான் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், கொரோனா சமயத்தில், இன்னும் இறுக்கினார்கள். பல கை மாறி வந்த செய்தி என்றால் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும், அதை ஒரு தடவைக்கு ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம்.

பிறகு 2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, கனியாமூர். சின்னசேலம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒரு மாணவி இறந்ததை ஒட்டி நடந்தது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்று கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் குழுக்கள் வழியாகச் சேதி பரவி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, பள்ளிப் பேருந்துகள் எரிந்து, கரும்புகை எழுந்தது. பிறகு குழு நடத்தியவர்களையும் போலீசார் தேடித் தேடிக் கைது செய்தார்கள். அப்போது எங்கள் தெருக் குழுவில் நான் ஒரு நீண்ட புத்திமதி எழுதிப் போட்டேன். "ஆராயாமல் பகிராதீர்" என்று தலைப்பு. நிறைய கும்பிடு கை வந்தது.

இவ்வளவு சொன்னவன் இரண்டே வருடத்தில் என்ன செய்தேன் என்பதுதான் நான் எழுதவந்தது.

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. எங்கள் பகுதியில் பாக்கெட் சாராயம் விற்பது புதிதல்ல, யாருக்கும் தெரியாததும் அல்ல. அன்றைக்கு வந்த சரக்கில் மெத்தனால். புதன் விடியும்போதே தெருவில் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்குகிறது என்ற சத்தம். 108 வண்டி வந்துகொண்டே இருந்தது. போய்க்கொண்டே இருந்தது. காலையில் ஒருவர் வயிற்றுப்போக்கு என்றார், ஒருவர் சாப்பாட்டில் விஷம் என்றார். மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் சேலத்துக்கும், முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பினார்கள். கடைசியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கருணாபுரம் என்ற பெயரை உலகம் முழுக்க அப்போதுதான் கேட்டது. கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்ததை டெலிவிஷனில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் நேரில் பார்த்தோம்.

டெலிவிஷனில் ஒவ்வொரு சானலிலும் ஒவ்வொரு எண்ணிக்கை ஓடியது. கைப்பேசியில் அதைவிட வேகம். புதன்கிழமை சாயங்காலம் தெருக் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. "இறந்தவர்கள் விவரம்" என்று தலைப்பு, பெயரும் வயதும். தகப்பனார் பெயர் இல்லை, தெரு இல்லை, தயாரித்தவர் யார் என்று இல்லை. தலையில் இரட்டை அம்புக்குறி. முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த எழுத்தன் நான். ஆபீசுக்கு இப்படி ஒரு காகிதம் வந்திருந்தால் கையொப்பமில்லை என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருப்பேன். அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? சொந்தக்காரர்கள் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள், பதில் சொல்லவேண்டுமே என்று அதை அனுப்பினேன். ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் போகும். பொறுமையாக ஐந்து தடவை தனித்தனியாக அனுப்பினேன். என்னை நிதானப்படுத்துவதற்காக ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து ஒரு கட்டை போட்டிருக்கிறான். அதைத் தாண்ட எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏழு மணி இருக்கும். மூன்றாவது வீட்டு அம்மாள் வந்து வாசற்படியில் நின்றாள். வீட்டு வேலைக்குப் போகிறவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகன் மூட்டை தூக்குகிற வேலை. காலையில் அவனை வண்டியில் ஏற்றினார்கள். மருமகள் கூடப் போனாள். முதலில் இங்கே, பிறகு ஜிப்மர் என்றார்கள். மருமகளின் போனில் சார்ஜ் இல்லை போலும், மத்தியானத்தில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. இவள் பேத்தியை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

"சார், புதுச்சேரிக்குக் கூட்டினு போனவங்களப் பத்தி டிவியில எதுனா சொல்றாங்களா?" என்றாள்.

"டிவி என்னம்மா, இதோ லிஸ்டே வந்திருக்கு" என்றேன். கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டு மேலிருந்து படிக்க ஆரம்பித்தேன். வாயால்.

ஒன்பதாவது பெயர் அவள் மகன் பெயர். வயது 38. படித்த பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

அவள் கத்தவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்திதான், எட்டு வயதுப் பெண், முதலில் கத்தினாள். அப்புறம் தெருவே கூடிவிட்டது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் ஷாமியானாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். நான் திண்ணையிலேயே நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் கொண்டுவரவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என் மனைவிதான் கொண்டுவந்தாள்.

ஒன்பதே காலுக்கு அடுத்த வீட்டுப் பையனின் போன் அடித்தது. ஜிப்மரில் யாருடைய போனையோ கேட்டு வாங்கி மருமகள் பேசினாள். அவன் உயிரோடு இருக்கிறான், கண்தான் சரியாகத் தெரியவில்லை என்கிறான், டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். பையன் ஸ்பீக்கரில் போட்டான். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

பட்டியல் பொய்யில்லை. அது வேறு ஒருவர். அதே பெயர், கிட்டத்தட்ட அதே வயது, அடுத்த தெரு. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் வைக்காத வீடு குறைவு. விஷயம் தெரிந்ததும் கூட்டம் எழுந்து அந்தத் தெருவுக்குப் போனது. அழுகை இங்கே நின்று அங்கே ஆரம்பித்தது. சந்தோஷப்படக்கூட முடியவில்லை. அந்த வீட்டுத் தாய்க்கு யார், எப்படிச் சொன்னார்கள் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரிக்கத் துணிவில்லை.

ராத்திரி உட்கார்ந்து நான் அனுப்பிய ஐந்து இடத்திலும் "அனைவருக்கும் நீக்கு" என்பதை அழுத்தினேன். என் பக்கத்தில் அழிந்துவிட்டது. அதற்குள் அதை வாங்கியவர்கள் வேறு இடங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் விருத்தாசலத்தில் இருக்கும் என் மச்சினன் அதே பட்டியலை எனக்கே திருப்பி அனுப்பினான், "அத்தான், உங்க ஊர் லிஸ்ட், பார்த்தீங்களா?" என்று.

என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். இதைச் சொன்னபோது, "அப்பா, நீங்க அனுப்பாட்டியும் அந்த லிஸ்ட் பரவியிருக்கும்" என்றான். சரிதான். அவன் ஆறுதலுக்குச் சொன்னான். ஆனால் அந்த அம்மாள் என் வாசலுக்குத்தானே வந்தாள், வாட்ஸ்அப் வாசலுக்கு வரவில்லையே என்றேன். அவன் பேசாமல் இருந்தான். அதே கைப்பேசி இல்லாவிட்டால் ஒன்பதே காலுக்கு அந்த நல்ல சேதியும் வந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். தந்தி காலமாக இருந்தால் விடியும்வரை அவளைப் பிணத்துக்காகக் காத்திருக்க வைத்திருப்போம். கல்வராயன் மலையில் டவர் எட்டாத கிராமங்கள் இன்னும் உண்டு. இளம் வயதில் தேர்தல் வேலைக்காக வெள்ளிமலைப் பக்கம் போனபோது, கீழே ஒரு உயிர் போனால் மேலே தெரிய இரண்டு நாள் ஆகும் என்பார்கள். அந்த நிலைமை நல்லது என்று யார் சொல்வார்கள்?

மறுநாள் காலையில் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். ஆயா அடித்த இரண்டு அடியும் முதுகில் இருந்தது. "தப்பு என்னுதும்மா" என்றேன். அவள், "நீங்க படிச்சத சொன்னீங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க சார்" என்றாள். பேத்தி மட்டும் என்னைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். சில மாதம் வரை அந்தக் குழந்தை என் வீட்டு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.

மகன் மூன்று வாரம் கழித்து வந்தான். ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மற்றதில் கிட்டத்தில் இருப்பது மங்கலாக. மூட்டை வேலைக்குப் போகமுடியாது. பூ கட்டிக் கொடுக்கிறான், கை பழகிவிட்டது.

தெருக் குழுவில் நான் இப்போது எதுவும் போடுவதில்லை. படிக்கிறேன், அவ்வளவுதான். யாராவது "ஏன் சார் சத்தமே காணோம்" என்றால் கண் சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி சீட்டு, ரேஷன் கார்டு, பேங்கிலிருந்து போனில் வரும் ஆங்கிலக் குறுஞ்செய்தி, எதுவானாலும் எடுத்துக்கொண்டு வருகிறாள். போன வெள்ளிக்கிழமையும் வந்தாள், போனை நீட்டிக்கொண்டு. பேத்தியும் கூட வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதட்டை மூடி முதலில் இருந்து கடைசி வரை படித்தேன். அவ்வளவு நேரமும் அவள் உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, கேஸ் மானியம் வந்திருக்கு" என்றேன்.

அப்புறம்தான் உட்கார்ந்தாள்.